பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டிய ஆய்விதழ்

எங்கள் ஊர் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட். அண்ணன் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டுகிறவர். ஒல்லியான ஆள், வயிறு மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். மேட்டில் ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்பார். வாயு என்று தானே முடிவு செய்து, இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். யார் சொன்னாலும், “நான் என்ன குண்டாவா இருக்கேன்? உழைக்கிற உடம்பு” என்பதுதான் பதில்.

மருந்தியல் படிக்கும் என் மகள் தீபாவளி லீவுக்கு வந்தபோது ‘சர்குலேஷன்’ இதழின் 2018 அறிக்கை ஒன்றைக் கைப்பேசியில் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அமெரிக்க இருதயச் சங்கம் 1950 முதல் நடத்தும் இதழ் அது. அறிக்கை அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைப் பற்றியதுதான், ஆனாலும் எங்கள் குடும்பத்தை வைத்து எழுதியது போலிருந்தது. நம் வம்சாவளியினருக்கு இருதய நோய் ஆபத்து கூடுதல். எடை அதிகமில்லாவிட்டாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும். சீனர், ஜப்பானியரோடு நம்மையும் சேர்த்து ‘ஆசியர்’ என்று ஒரே கணக்கில் போட்டால் இந்த வேறுபாடு தெரியாமலே போகும். சீனர்களோடு அக்கம்பக்கமாக வாழும் நமக்கு இது முக்கியமான விஷயம்.

“பெரியப்பா, ஒல்லியா இருந்தாலும் வரும்னு போட்டிருக்கு. ஏறினா அடைக்குது, உட்கார்ந்தா விடுதுன்னா அதை வாயுன்னு விடக்கூடாது.”

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, நாளைக்குப் போலாம்” என்றார்.

கிளினிக்கில் படுக்க வைத்து எடுத்த இ.சி.ஜி.யில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார்கள். ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் இருதய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று சொல்லி, நடக்கவிட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அந்த டாக்டருக்குக் கோடி நன்றி. அடைப்பு தெரிந்தது, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். அண்ணன் மறுபடி வேலைக்குப் போகிறார், மாத்திரையை விடுவதில்லை.

அமெரிக்க இருதயச் சங்கத்தின் அறிக்கைகளை இணையத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். அதே 2018-இல் வந்த கொலஸ்ட்ரால் வழிகாட்டியும் தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் குறை. மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஒரு பக்கத்துக்குத் தமிழில் சுருக்கித் தந்தால், அச்சடித்துத் தோட்டத்துக் கோயில் பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு.