பேக்பைப்பில் ஒரே சுரத்தை இரண்டு முறை பிரித்து வாசிப்பது எவ்வாறு?

சிலிம் ரிவர் நாயனம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்து வருகிறேன். அண்மைக் காலமாக ஸ்காட்லாந்து இராணுவப் பிரிவுகளின் பேக்பைப் இசையை விடாமல் கேட்டு வருகிறேன். ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடங்களில் நாம் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, நாக்கால் தொட்டுப் பிரித்துவிடுவோம். பேக்பைப்பிலோ சீவாளி குழலுக்குள் மறைந்திருக்கிறது. நாக்கு அதை எட்டவே எட்டாது. காற்றும் பையிலிருந்து இடைவிடாமல் வருகிறது. அப்படியிருந்தும் அதே சுரம் இரண்டு மூன்று முறை தனித்தனியாகக் கேட்கிறதே, அது எப்படி? சுர அமைப்பைப் பற்றியும் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஈப்போ பைப் மாணவர்:
நாக்கின் வேலையை அங்கே விரல்தான் செய்கிறது, ஐயா. கீழ் ஷட்ஜத்தை இரண்டு முறை ஒலிக்கச் செய்ய வேண்டுமானால், அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை ஆள்காட்டி விரலைக் கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாகத் தூக்கி மூடுவார்கள். அந்த இடைவெளியில் மேலே உள்ள நிஷாதம் ஒரு பொட்டுப்போல் தெறித்து மறைய, ஷட்ஜம் இரண்டாகப் பிரிந்து கேட்கும். இதற்குக் கிரேஸ் நோட் என்று பெயர். குழலின் ஓசையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லாததால், அழுத்தம் கொடுப்பதும் இந்த நொடிச் சுரங்களாலும் சுரத்தின் நீளத்தாலும்தான். எனவே கைதேர்ந்த பைப்பரை அடையாளம் காண, மெட்டைக் காட்டிலும் இந்தத் தெறிப்புகளின் தூய்மையைக் கவனியுங்கள்.

குழலில் கிடைப்பவை 9 சுரங்களே. கீழ் நிஷாதத்தில் தொடங்கி மேல் ஷட்ஜத்தில் முடியும் அவற்றை ஷட்ஜத்திலிருந்து வரிசைப்படுத்தினால், ஏறத்தாழ நம் அரிகாம்போதி ராகத்தின் சுரங்கள் அமையும். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களும் நாதஸ்வரத்துடன் சுருதி பிடிக்கும் நம் ஒத்துப்போல் ஷட்ஜத்தையே பிடித்திருக்கும்; இரண்டு ஒரு ஸ்தாயி கீழே, ஒன்று இரண்டு ஸ்தாயி கீழே. இன்றைய குழுக்களில் அந்த ஷட்ஜம் சுமார் 480 ஹெர்ட்ஸ், அதாவது ஆறரைக் கட்டைக்கும் சற்று மேல்.

பழைய வரலாறு:
உங்கள் ஊருக்கும் இந்த இசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவர் போரில் ஜப்பானிய டாங்கிகளிடம் சிதறிய படைகளுள் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவான ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸின் இரண்டாம் பட்டாளமும் ஒன்று. அதே மாதம் 31ஆம் நாள், எஞ்சிய வீரர்கள் பைப்பர்கள் வாசிக்க ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் சென்றார்கள். பைப்பர்கள் முதலில் போர்வீரர்கள், அதன் பிறகே கலைஞர்கள். முதல் உலகப் போரின்போது, 1915இல் பிரான்சில் நடந்த லூஸ் போரில் டேனியல் லெய்ட்லா என்ற பைப்பர், நச்சுப்புகையில் தயங்கி நின்ற தம் படையினருக்காகப் பதுங்குகுழியின் மேலேறி நின்று வாசித்தார். காயம்பட்ட பின்னும் நிறுத்தவில்லை. அவருக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

தைப்பிங் இசை ஆசிரியர்:
அரிகாம்போதி ஒப்பீட்டில் சிறிது எச்சரிக்கை தேவை. சுரங்கள் ஒத்திருக்கலாம், ஆனால் நம் கமகம் அங்கே இல்லை, ஆலாபனையும் இல்லை. அணிவகுப்பு மெட்டுகள் காலடியின் அளவுக்கு எழுதப்பட்டவை. அவற்றின் தொடக்கத்தைக் கூர்ந்து கேளுங்கள்: பக்கமேளங்கள் இரண்டு முறை உருட்டு அடிக்கும், இரண்டாம் உருட்டில் பைப்பர்கள் அனைவரும் ஒருசேரப் பையைத் தட்டி அமுக்க, முதலில் ஒத்துக் குழல்கள் எழும்பும், அதன்மேல் பஞ்சமம் நீண்டு நிற்கும், பிறகே மெட்டு. நன்கு பழகிய குழுவில் இது ஒரே ஆள் ஊதியதுபோல் கேட்கும். இராணுவக் குழுக்களின் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

சிலிம் ரிவர் நாயனம்:
மிக்க நன்றி. ஒத்தும் பஞ்சமமும் முன்னே வந்து மெட்டுக்கு இடம் அமைப்பதை இப்போதுதான் பிரித்துக் கேட்க முடிகிறது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சுருதி நிற்குமா?

ஈப்போ பைப் மாணவர்:
எளிதில் நிற்காது. வெப்பம் ஏற ஏறக் குழலின் சுருதி உயரும். நாணலில் செய்த சீவாளி மூச்சின் ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் வாசிக்கும் முன் சில நிமிடங்கள் ஊதிச் சூடாக்கிய பிறகே சுருதி சேர்ப்பார்கள். ஒத்துக் குழல்களின் இணைப்பை நீட்டினால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். தனியொரு சுரம் கூடுதலாக நின்றால், அத்துளையின் மேல்விளிம்பில் சிறு டேப் ஒட்டி இறக்குவார்கள். நாதஸ்வரத் துளையில் நீங்கள் மெழுகு வைப்பதும் இதே காரணத்திற்காகத்தானே, ஐயா.