பழைய செயின் சா: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
பொள்ளாச்சி பக்கம் தோப்பு. பட்டுப்போன தென்னை 7 நிற்கிறது. அதை அறுக்க பழைய செயின் சா (மரம் அறுக்கும் மெஷின்), ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 மாடல் ஒன்று, 9,000 ரூபாய் சொல்கிறார்கள். 2 வருடம் சும்மா கிடந்ததாம். ஸ்டார்ட் ஆகிறது. வேறு என்ன பார்க்கட்டும்?

பதில் 1:
ஸ்டார்ட் ஆவதை நம்பாதீர்கள் அண்ணா. நான் அப்படி நம்பி வாங்கிய ஒரு மெஷின் 10 நிமிடம் ஓடி, சூடானதும் நின்றது. சைலன்சரைக் கழற்றினால், பிஸ்டனில் ஆணியால் கீறின மாதிரி நெடுக்குக் கோடுகள். யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது டார்ச் இல்லாமல் மெஷின் பார்க்கவே போவதில்லை. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். விற்பவர் கழற்ற விடவில்லையா, கிளம்பிவிடுங்கள்.

பதில் 2:
சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பலம்) இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் வேண்டாம்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். பிஸ்டன் வழுவழு என்று இருக்கிறது, தயங்கித்தான் இறங்குகிறது. ஆனால் பெட்ரோல் டியூப் தொட்டதும் உதிர்கிறது.

பதில் 1:
அது சின்ன வேலை, அதைக் காட்டியே 1,500 குறைத்துக் கேளுங்கள். டியூப், ஃபில்டர், கார்புரேட்டர் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) மூன்றையும் மாற்றிவிடுங்கள்; இவ்வளவு நாள் கிடந்ததில் டயஃப்ரம் விறைத்திருக்கும். அப்புறம் செயின் பிரேக். கைக்கு முன்னால் உள்ள தடுப்பை முன்பக்கம் தள்ளினால், ஓடும் செயின் சட்டென்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சரிசெய்யும்வரை மரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.