மறு: ஸ்டிக்-ஸ்லிப்புக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒட்டுவழுக்கல்’ பற்றி ஒரு மாற்றுக் கருத்து

அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்து படித்தேன். காரைக்கால் நண்பர் கேட்டது ஒன்றுதான். எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது ஆழத்தில் துளைமுனை சட்டென்று நின்றுபோகிறது, பிறகு வெறி வந்ததுபோல் சுழல்கிறது, மறுபடி நிற்கிறது. ஆங்கிலத்தில் இதை ஸ்டிக்-ஸ்லிப் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஒட்டுவழுக்கல்’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. அகராதிக் கோப்பில் ஏறுவதற்கு முன் என் பக்கத்தையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

நான் ரிக்கில், அதாவது கிணறு துளைக்கும் கோபுர அமைப்பில், வேலை பார்த்தவன் இல்லை. தண்டையார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறை மோட்டார்களும் காசிமேட்டு ஐஸ் ஆலை மோட்டார்களும் எங்களிடம் வரும். தங்கை மகன் காவிரிப் படுகையில் ஒரு ரிக்கில் எலக்ட்ரீஷியன். லீவில் வந்தால் பாதி நேரம் கடையில்தான் இருப்பான். கீழே எழுதியிருப்பதில் கிணற்று விஷயம் அவனிடம் கேட்டதும் படித்ததும். மோட்டார் விஷயம் என் கைப்பட்டது.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சரியாகப் பார்த்துக்கொள்வோம். சொல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

5 அங்குலக் குழாய்களை ஒன்றோடொன்று மரையில் முடுக்கி 3,000 மீட்டர் நீளத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். கோபுரத்தில் தொங்கும் டாப் டிரைவ் மோட்டார் மேல்முனையைச் சுற்றுகிறது. அடிமுனை பாறையைக் கடிக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் குழாய் இரும்புத் தூண் மாதிரி இருக்கும். 3,000 மீட்டர் நீளத்தில் அதுவே நூலாகிவிடுகிறது. எஃகின் முறுக்குக் கெட்டித்தன்மையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடியில் 10,000 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை (டார்க்) எதிர்த்தால் மேல்முனை அடிமுனையைவிட ஏறக்குறைய 5 முழுச் சுற்று முன்னால் போயிருக்கும். அதாவது மேலே 5 சுற்று சுற்றிய பிறகும் கீழே ஒன்றும் அசையாமல் இருக்க முடியும்.

அந்த 5 சுற்றும் எங்கே போனது? குழாய்க்குள் முறுக்காக ஏறி உட்கார்ந்திருக்கிறது. காசிமேட்டில் கயிறு கையாளுகிறவர்கள் புரி ஏறியிருக்கிறது என்பார்களே, அதேதான். அந்தப் புரியில் இருக்கும் ஆற்றல் ஒன்றரை லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் அது. பாறையின் பிடி இதற்குமேல் தாங்காது என்ற கணத்தில் முனை விடுபடுகிறது. சேர்ந்த முறுக்கெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்கிறது. மேலே மோட்டார் நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றிக்கொண்டிருந்தால் கீழே முனை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும். முறுக்கு தீர்ந்ததும் மறுபடி பிடி. சில நொடிக்கு ஒரு முறை இப்படியே நடந்துகொண்டிருக்கும். முனையின் பற்கள் உடைவது, மரை இளகுவது, குழாயே முறிவது எல்லாம் இதனால் வரும் கேடுகள்.

இப்போது ‘ஒட்டுவழுக்கல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

‘ஒட்டு’ என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. கிணற்றுத் துறையில் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ளும் சங்கதி வேறு ஒன்று உண்டு. துளைக்குள் நிரப்பிய சேற்றின் அழுத்தம் பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். சுவரில் சேறு படிந்து ஒரு பூச்சு உண்டாகியிருக்கும். குழாய் அந்தப் பூச்சின்மேல் சாய்ந்தால் அழுத்த வேறுபாடு அதை அப்படியே சுவரோடு சேர்த்து அமுக்கிவிடும். இழுத்தாலும் வராது, திருப்பினாலும் திரும்பாது. அதைத்தான் ‘குழாய் ஒட்டல்’ என்று சொல்ல வேண்டும். ரிக்கில் பைப் ஸ்டக் ஆகிவிட்டது என்றால் எல்லார் முகமும் மாறிவிடும் என்பான் மருமகன். இரண்டுக்கும் ‘ஒட்டு’ என்றே வைத்தால், ஒருவன் அவசரத்தில் போனில் சொல்லும்போது எது என்று எதிர்முனையில் எப்படித் தெரியும்?

‘வழுக்கல்’ என்பதும் பொருந்தவில்லை. வாழைப்பழத் தோலில் கால் வழுக்குகிறது. சோப்பு கையிலிருந்து வழுக்குகிறது. அங்கே பிடிமானம் இல்லாமல் போவதுதான் செய்தி, பின்னாலிருந்து தள்ளும் வேகம் கிடையாது. கோயம்புத்தூர்ப் பேராசிரியர் அம்மா சொன்ன ‘பற்றுநழுவல்’ இதைவிட நல்ல சொல். அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது, அதிலும் எனக்கு இதே குறைதான் தெரிகிறது. எங்கள் பக்கம் கபடி ஆட்டத்தில் ‘நழுவிட்டான்’ என்றால் பிடி விழும் முன்பே தப்பியவன். பிடி விழுந்த பிறகு, நாலு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போகிறவனை ‘திமிறிட்டான்’ என்போம். இரண்டும் ஒன்று என்று கபடி ஆடுகிற பையனிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான். துளைமுனை செய்வது இரண்டாவது வேலை.

ஆகவே என் முன்மொழிவு ‘பிடிதிமிறல்’.

பிடியும் திமிறலும் என்று விரியும் உம்மைத்தொகை இது. அதனால் நடுவில் வல்லினம் மிகாது, ‘பிடித்திமிறல்’ என்று எழுதக் கூடாது. இரவுபகல், வெற்றிலைபாக்கு மாதிரி. த் போட்டு எழுதினால் பிடியிலிருந்து திமிறுவது என்று ஒரே ஒரு நிகழ்ச்சியாகப் பொருள் சுருங்கிவிடும். நமக்கு வேண்டியது மாறி மாறி நடக்கும் இரண்டும். பேச்சிலும் எளிதாக வருகிறது. ‘கீழே பிடிதிமிறல் ஆரம்பிச்சிருக்கு’ என்று மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டான்.

எது முன், எது பின் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆங்கிலத்திலேயே இது கட்டிப்போட்ட வரிசை இல்லை. இந்தச் சிக்கலை மோட்டார் கட்டுப்பாட்டினாலேயே தீர்க்கலாம் என்று ஹால்சி, கில்லிங்ஸ்டாட், கில்லிங் மூவரும் 1988-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ஸ்லிப்-ஸ்டிக் என்றுதான் இருக்கிறது. தமிழில் நடப்பின் வரிசைப்படி பிடியை முன்னால் வைப்போம்.

‘இது குழாய்க்கும் பாறைக்கும் நடக்கும் விவகாரம், மின்பொறியியல் பட்டியலில் ஏன் சேர்க்க வேண்டும்’ என்று இன்னொரு மடலில் கேட்கப்பட்டிருக்கிறது. இதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதை மேலே இருப்பவர் முதலில் பார்ப்பது மோட்டாரில்தான். டிசி மோட்டாரில் திருப்புவிசையும் கரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். பழைய டிசி ரிக்குகளில் திருப்புவிசை காட்டும் முள் உண்மையில் மோட்டாரின் ஆம்ப்ஸைத்தான் காட்டுகிறது. பிடி விழுந்து முறுக்கு ஏற ஏற முள் ஏறும். திமிறியதும் விழும். என் கடையிலும் இதன் சின்ன உருவத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு கலவை இயந்திரத்தின் மோட்டார் மூன்றாம் முறையாகக் காயில் கருகி வந்தது. நேரில் போய் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்தால், ஓட்டத்தில் ஆம்ப்ஸ் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. துடுப்பு அடித்தட்டில் சிக்கிச் சிக்கி விடுபட்டுக்கொண்டிருந்தது. துடுப்பைச் சரிசெய்த பிறகு அந்த மோட்டார் திரும்பி வரவில்லை.

அப்புறம் மின்தேவை. சுழற்சிக்கு வேண்டிய கிலோவாட் என்பது நியூட்டன் மீட்டரையும் நிமிடச் சுற்றையும் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் வருவது. 30,000 நியூட்டன் மீட்டரில் 120 சுற்று என்றால் 377 கிலோவாட். பிடிதிமிறல் வந்தால் துளைப்பவர் வழக்கமாகச் செய்வது முனைமேல் வைக்கும் பாரத்தைக் குறைத்து, சுற்றைக் கூட்டுவது. வேகம் கூடினால் முனை நின்றுபோகும் நிலைக்கு வருவது அரிது. சரி, அதே திருப்புவிசையில் 200 சுற்றுக்குப் போனால்? 628 கிலோவாட். என் கடை இணைப்பு 10 கிலோவாட், அப்படி அறுபத்திரண்டு கடை. அதோடு, எந்த மோட்டாருக்கும் ஒரு அடிப்படை வேகம் உண்டு. அதைத் தாண்டிச் சுற்றினால் திறன் கூடாது, திருப்புவிசை குறைந்துகொண்டே போகும். வேகத்தைக் கூட்டித் தப்பிப்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் வாரியத்து லைனிலிருந்து வருவதும் இல்லை. பெரும்பாலான ரிக்குகளில் டீசல் ஜெனரேட்டர்தான். தண்டையார்பேட்டை லோகோ ஷெட்டில் நிற்கும் டீசல் எஞ்சின் மாதிரியே, டீசல் மின்சாரம் செய்யும், மின்சாரம் மோட்டாரைச் சுற்றும். ஜிஇ 752 என்ற டிசி மோட்டார் ரயில் எஞ்சினுக்காக வந்து ரிக்கிலும் பல ஆண்டு உழைத்தது. அந்த ஜெனரேட்டர்களே துளைக்குள் சேற்றைச் செலுத்தும் பம்பையும் ஓட்ட வேண்டும். துளைக்கும் நேரத்தில் அதிக மின்சாரம் சாப்பிடுவது பெரும்பாலும் அந்தப் பம்புதான். நிமிடத்துக்கு 2,500 லிட்டரை 200 பார் அழுத்தத்தில் தள்ள 833 கிலோவாட் வேண்டும், பம்பின் இழப்பு தனி. இத்தனை பாரத்தோடு ஓடும் தனித்த மின்னமைப்பில் சுழற்சி மோட்டாரின் தேவை சில நொடிக்கு ஒரு முறை ஏறி ஏறி இறங்கினால் எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் அமைதியாக இருக்க முடியாது. மின்பொறியியல் பட்டியலில் சேர்க்க இது போதாதா?

மோட்டாருக்கு இதில் இன்னும் நெருக்கமான பங்கு இருக்கிறது. இன்றைய விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை ஆளும் கருவி) பூட்டிய மோட்டார் சொன்ன வேகத்தை விடாப்பிடியாகக் காக்கும். 120 என்றால் 120. நல்ல குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் குழாயில் மேலேறி வரும் முறுக்கு அலைக்கு அப்படி அசையாத மோட்டார் ஒரு சுவர் மாதிரி. அலை மோதி அப்படியே கீழே திரும்பும், ஆட்டம் அடங்காது. மாறாக, திருப்புவிசை ஏறும்போது வேகத்தைக் கொஞ்சம் தணித்து, இறங்கும்போது கொஞ்சம் கூட்டும்படி கட்டுப்பாட்டை அமைத்தால், மோட்டார் அலையின் ஆற்றலைத் தானே வாங்கி அடக்கிவிடும். பழைய தொடர்ச்சுற்று (சீரிஸ்) டிசி மோட்டாரில் பாரம் ஏறினால் வேகம் தானாகவே தணியும் என்பது காயில் கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் குணத்தை வேண்டிய அளவுக்கு, அலையின் காலத்துக்கு ஏற்ப, மின்னணுக் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதுதான் 1988 கட்டுரையின் சாரம். சாஃப்ட் டார்க் என்ற பெயரில் பரவியிருக்கும் கட்டுப்பாட்டு முறையும் இந்த வழியில் வந்ததே.

இதற்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை, நம் வாயிலேயே இருக்கிறது. முரண்டு பிடிக்கும் பிள்ளையை விட்டுப் பிடி என்கிறோம். வலையில் பெரிய மீன் இழுத்தால் கயிற்றை விட்டுப் பிடிப்பார்கள். அந்த மோட்டார் செய்வதும் அதுவே. ‘விட்டுப்பிடிக் கட்டுப்பாடு’ என்று வைப்போம். நோய் பிடிதிமிறல், மருந்து விட்டுப்பிடி. ஒரே வேரில் இரண்டும் நிற்பதால் படிக்கிற மாணவனுக்கு ஒன்று மற்றொன்றை நினைவுபடுத்தும். ‘ஒட்டுவழுக்கல்’ வைத்தால் இந்த உறவு கிடைக்காது.

கடைசியாக ஒரு மறுப்பு. வயலின் வில் நரம்பில் இழைவதும் ஸ்டிக்-ஸ்லிப்தானே, அதற்குப் போய்த் திமிறல் என்று முரட்டுச் சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, நானும் இரண்டு நாள் யோசித்தேன். குங்கிலியம் தடவிய வில் நரம்பைப் பிடித்து இழுக்கிறது, நரம்பு தாங்காமல் விடுபட்டுத் திரும்புகிறது. அளவு சிறியது, இனிமையாகக் கேட்கிறது, நிகழ்ச்சி அதே நிகழ்ச்சி. நிலநடுக்கத்துக்கும் இதே விளக்கத்தை பிரேஸ், பையர்லீ இருவரும் 1966-ல் முன்வைத்தார்கள். பூமித்தட்டு பிடிபட்டுக் கிடந்து விடுபடுவதற்கு ‘வழுக்கல்’ எந்த வகையிலும் போதாது. ஒரே சொல்லாக இருக்கட்டும். இசைப் பாடநூலில் ‘பிடிநழுவல்’ என்று மென்மையாக எழுத விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை.

அகராதிக் கோப்பைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்காகப் பதிவை இப்படி எழுதிவைத்திருக்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள்.

பிடிதிமிறல் (பெயர்ச்சொல்): உராய்வால் பிடிபட்டு நிற்பதும், பின்னால் சேர்ந்த விசை மிஞ்சியதும் விடுபட்டுப் பாய்வதும் மாறி மாறி நிகழ்தல். எடுத்துக்காட்டு: 3,000 மீட்டரில் பிடிதிமிறல் தொடங்கியதால் பாரத்தைக் குறைத்து, சுழற்சியை 120-லிருந்து 150 ஆக்கினோம், ஆம்ப்ஸ் முள் ஆட்டம் நின்றது.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து