சனிக்கிழமை பிற்பகல் 2.10: பழைய ஃபுட்டி உண்மையிலேயே மேலானதா?

மூராபின் சேறு எழுதியது:

ஆஸ்திரேலிய ஃபுட்டி இன்றுள்ள அளவுக்கு என்றைக்குமே சிறப்பாக இருந்ததில்லை என்று சென்ற வாரம் பெர்த்வாசி போகிற போக்கில் எழுதியிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லித் தீராத விடயம் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு: ஆஸ்திரேலியாவுக்கே உரிய கால்பந்து இது. நீள்வட்டத் திடல், பக்கத்துக்குப் 18 பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளிகள். ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி.

நான் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்தேன். வேலைத்தலத்தில் கூட இருந்த ஒருவர் முதல் குளிர்காலத்திலேயே என்னை மூராபினுக்கு, செயின்ட் கில்டாவின் சொந்தத் திடலுக்கு, அழைத்துப் போனார். அந்த அணி 1983 முதல் 1986 வரை நான்கு ஆண்டுகளும் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. ஆகவே வெற்றியைக் கண்டு மயங்கியவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் லீக்கில் அன்று 12 அணிகள். ஜீலாங்கைத் தவிர எல்லாமே மெல்பேர்ணின் புறநகர்களில் பிறந்தவை. சவுத் மெல்பேர்ண் 1982இல் சிட்னிக்குப் போகும்வரை ஆறு ஆட்டங்களும் வழக்கமாகச் சனிக்கிழமை பிற்பகல் 2.10க்கு ஒரே நேரத்தில் தொடங்கும். நான் வந்தபோதும் பெரும்பாலானவை அப்படித்தான். மூராபின் பலகையில் மற்றத் திடல்களின் புள்ளிகள் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்கு எதிரே மட்டும் வரும். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்பது வாயிலில் விற்கும் ஃபுட்பால் ரெக்கார்ட் என்ற சிறு இதழில்தான் இருக்கும். அதை வாங்கக் காசில்லாமல் நின்ற எனக்குச் சிவப்பு, வெள்ளை, கறுப்பு நூலில் கழுத்துத்துணி பின்னிக்கொண்டிருந்த ஒரு முதிய பெண்மணி தம் ரெக்கார்டைப் பென்சிலோடு நீட்டி, ஒவ்வொரு கோலுக்கும் பெயருக்கு எதிரே கோடு போடும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். ஆங்கிலமே தட்டுத்தடுமாறிய எனக்கு அந்த நாட்டில் ஒருவர் நம்பிக் கொடுத்த முதல் வேலை அது. இன்றைக்கு இலக்கமிட்ட இருக்கையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்க்கும் கூட்டத்தில் இது நடக்குமா?

பெர்த்வாசி எழுதியது:

அழகான நினைவுதான், ஐயா. ஆனால் அது மெல்போர்னின் நினைவு. அதை ஆஸ்திரேலிய ஃபுட்டியின் பொற்காலம் என்று பெயர் மாற்றி வைக்கும்போதுதான் எனக்கு வழக்கு.

உங்கள் 12 அணிகளின் லீக், மற்ற மாநிலங்களின் சிறந்த ஆட்டக்காரர்களை வாரி எடுத்துக்கொண்டுதான் கொழித்தது. எங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலி ஃபார்மர் 1962இல் ஜீலாங்குக்குப் போனார், அடுத்த ஆண்டே அந்த அணி கோப்பையை வென்றது. உங்கள் செயின்ட் கில்டா வென்றிருக்கும் ஒரே கோப்பை 1966இல், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அந்த அணியின் தலைவர் டாரல் பால்டாக் டாஸ்மேனியாக்காரர். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கிய இயன் ஸ்டூவர்ட்டும் டாஸ்மேனியாக்காரர். அந்தத் தீவுக்குச் சொந்த அணி 2028இல்தான் வரப்போகிறது.

நாங்கள் தரத்தில் குறைந்தவர்கள் இல்லை என்பதற்கு 1977 அக்டோபர் சாட்சி. பிறந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்ற விதியோடு பெர்த்தில் முதன்முறையாக ஆட்டம் நடந்தபோது, விக்டோரியாவை 94 புள்ளிகளால் வென்றோம். அதற்குப் பிறகும் எங்கள் பிள்ளைகள் பெயரெடுக்க வேண்டுமென்றால் மெல்போர்னுக்கு ரயிலேற வேண்டும் என்ற நிலை 1987இல் எங்கள் வெஸ்ட் கோஸ்ட் அணி லீக்கில் சேரும்வரை மாறவில்லை. அந்த அணியும் கூடவே சேர்ந்த பிரிஸ்பேன் அணியும் கட்டிய உரிமக் கட்டணம்தான் கடனில் தத்தளித்த பல மெல்போர்ன் கழகங்களுக்கு அப்போது மூச்சு கொடுத்தது. இது ஏனோ ஏக்கப் பதிவுகளில் வருவதே இல்லை.

எல்லைக்கோடு எழுதியது:

நான் மெல்பேர்ணிலேயே வளர்ந்தவள். அந்தப் பழைய புறநகர்த் திடல்களில் இரண்டொன்றைக் கடைசிக் காலத்தில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறேன். மூராபின் ஐயா சொல்லும் முதிய பெண்மணியை நான் நம்புகிறேன். ஆனால் பார்வையாளர்கள் நின்ற அதே படிக்கட்டுகளில் வேறு குரல்களும் இருந்தன.

1993 ஏப்ரல் 17 அன்று காலிங்வுட் அணியின் திடலான விக்டோரியா பார்க்கில் செயின்ட் கில்டாவின் நிக்கி வின்மார், நாள் முழுக்கத் தம்மையும் சக பழங்குடி வீரரான கில்பர்ட் மெக்ஆடமையும் இனத்தைச் சொல்லி ஏசிய காலிங்வுட் கூட்டத்தைப் பார்த்துத் தம் சட்டையைத் தூக்கித் தோலைச் சுட்டிக்காட்டினார். அந்தப் படம் இன்று நாடறிந்த படம். அவர் நின்ற இடம் நீங்கள் ஏங்குகிற அதே வகைப் புறநகர்த் திடல்; ஏசியவர்கள் வேலியை ஒட்டி, வீரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அதே உள்ளூர்க்காரர்கள். நெருக்கம் என்று நீங்கள் புகழ்வதற்கு அந்தப் பக்கமும் உண்டு. திடலில் இனவசைக்கு எதிராக லீக் ஒரு விதியை எழுதவே 1995 வரை ஆயிற்று.

அடிதடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1985இல் ஹாதோர்ன் தலைவர் லீ மேத்யூஸ், பந்தோடு சம்பந்தமில்லாத இடத்தில் ஜீலாங்கின் நெவில் புருன்ஸின் தாடையை உடைத்தார். காவல்துறை வழக்குப் போடுமளவுக்குப் போனது. அதே இரு அணிகளும் மோதிய 1989 கிராண்ட் ஃபைனலை, அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்தை, எல்லோரும் காவியமாகச் சொல்கிறார்கள். முதல் பந்து எறியப்பட்ட கணத்திலேயே ஹாதோர்னின் பிரெரட்டன் இடித்து வீழ்த்தப்பட்டார். அவருடைய அணித்தோழர் டிபியர்டொமெனிகோ நுரையீரல் துளைபட்ட நிலையில் ஆடி முடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். வீரம் என்று அன்று கைதட்டினோம். பெர்த்வாசி சொன்ன பாலி ஃபார்மர் 2019இல் மறைந்தபின், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது என்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். கைதட்டியவர்களில் நம் அப்பாக்களும் இருந்தார்கள் என்பதால் இதைக் கோபமாக அல்ல, வருத்தமாகவே எழுதுகிறேன்.

மூராபின் சேறு எழுதியது:

தங்கை எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். வின்மார் என் அணிக்காரர். அன்றைய ஆட்டத்தை நாங்கள் வென்றோம் என்பதைவிட அந்த விரலைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் திடல் மாறியதால் நாக்கு மாறிவிட்டது என்று கருதினால் 2015ஐ மறந்துவிட்டீர்கள். பளபளக்கும் பெரிய அரங்குகளில், இலக்கமிட்ட இருக்கைகளில் அமர்ந்தவர்கள்தான் பழங்குடி வீரர் ஆடம் குட்ஸை வாரக்கணக்கில் கூவி ஓட்டினார்கள். இரண்டு பிரவுன்லோ பதக்கங்கள் வாங்கிய மனிதர் அந்த ஆண்டோடு ஆட்டத்தை விட்டே போய்விட்டார். லீக் மன்னிப்புக் கேட்டது 2019இல். ஆகவே அந்தப் பழியைப் படிக்கட்டின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

ஆட்டத்துக்கு வருகிறேன். 1991இல் எங்கள் டோனி லாக்கெட் 127 கோல் உதைத்தார், அதுவும் பருவத்தின் தொடக்க வாரங்களில் ஆடாமல். அவர் பந்தை நோக்கி ஓடத் தொடங்கும்போது மூராபின் முழுக்க ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். எதிரே தனியாக ஒரு தடுப்பாளர், பின்னால் கம்பங்கள், இடையே வெற்று நிலம்: இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான். ஒரு பருவத்தில் 100 கோல் எட்டியவர் கடைசியாக 2008இல் லான்ஸ் ஃபிராங்க்ளின். அதன்பிறகு ஒருவருமில்லை. இன்று பந்து எங்கே இருக்கிறதோ அங்கே முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள்; சந்தையில் சண்டை பார்ப்பது போல இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த ஒரு விடயத்தில் மூராபின் ஐயா பாதி சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1978க்கு முன் வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வர முடியாது. 19ஆம், 20ஆம் ஆட்டக்காரர்கள் மாற்றாள்கள் மட்டுமே. அந்த ஆண்டு இன்டர்சேஞ்ச் முறை இரண்டு பேரோடு வந்தது, 1994இல் மூன்று, 1998இல் நான்கு ஆயிற்று. ஓடிக் களைத்தவர் வெளியே மூச்சு வாங்கிவிட்டு உடனே திரும்ப முடிந்ததால், திடலின் இருமுனைக்கும் எல்லோரும் ஓடுவது சாத்தியமாயிற்று. தனி ஆளைக் காப்பதற்குப் பதிலாக இடத்தைக் காக்கும் உத்தியைப் பயிற்சியாளர்கள் கொண்டுவந்தார்கள். லாக்கெட்டின் வெற்று நிலம் அங்கேதான் காணாமல் போனது. லீக்குக்கும் இது தெரியும்: ஓர் ஆட்டத்தில் ஓர் அணி செய்யும் மாற்றங்களின் எண்ணிக்கையை 2014இல் 120 என்று வரம்பிட்டு, பின்பு 90, 2021இல் 75 என்று குறைத்தது. 2019 முதல் ஒவ்வொரு நடுப் பந்தெறிதலிலும் திடலின் மூன்று பகுதிகளிலும் அணிக்கு ஆறாறு பேர் நிற்க வேண்டும் என்றும் விதித்தது. பழைய ஆட்டத்தின் உருவத்தை விதிபோட்டு மீட்கப் பார்க்கிறார்கள் என்றே இதைப் படிக்கிறேன்.

ஆனால் பழைய ஆட்டங்கள் எல்லாமே நெருக்கமானவை என்ற எண்ணம் தவறு. லீக்கின் மிகப் பெரிய வெற்றி 1979இல் ஃபிட்ஸ்ராய் மெல்பேர்ணை 190 புள்ளிகளால் வென்றதுதான். புதிய காலமும் யோக்கியமில்லை, 2011இல் ஜீலாங் அதே மெல்பேர்ணை 186 புள்ளிகளால் நசுக்கியது. (மெல்பேர்ண் ஆதரவாளர்கள் மன்னிக்கவும், இரண்டு உதாரணங்களிலும் நீங்களே வந்தது என் குற்றமில்லை.)

மூராபின் சேறு எழுதியது:

அந்த ஃபிட்ஸ்ராய் எங்கே, கணக்குப்பிள்ளை? 1979இல் 190 புள்ளிகளால் வென்ற, எட்டுக் கோப்பைகள் எடுத்த கழகம் 1996இல் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டு இல்லாமலே போயிற்று. நாடு தழுவிய லீக் என்ற கனவுக்கு ஒரு புறநகரையே பலியாகக் கொடுத்தார்கள். இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

பெர்த்வாசி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஃபிட்ஸ்ராயின் கடைசி ஆட்டத்தில் நான் இருந்தேன். 1996 செப்டம்பர் 1, பெர்த்தின் சுபியாகோ திடல். ஃபிட்ஸ்ராயை எதிர்த்து ஆடிய ஃப்ரீமேன்டில் அணியின் ஆதரவாளனாகப் போனேன். எங்கள் அணி 86 புள்ளிகளால் வென்றது. இறுதிச் சங்கு ஊதியபின் வழக்கமாக வாகன நிறுத்தத்துக்கு ஓடுகிற நான் அன்று ஓடவில்லை. நாடு கடந்து வந்திருந்த ஆதரவாளர்கள் வேலியருகே அழுதுகொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கழுத்துத்துணியை நான்காக மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஆகவே எனக்கு அந்தத் துயரம் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் அவர்களைக் கொன்றது யார்? ஃபிட்ஸ்ராய் தன் சொந்தத் திடலான பிரன்ஸ்விக் தெரு ஓவலில் ஆடிய கடைசிப் பருவம் 1966. பிறகு பிரின்சஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்சஸ் பார்க், கடைசியில் வெஸ்டர்ன் ஓவல் என்று முப்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். வெஸ்ட் கோஸ்ட் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் வீடிழந்தவர்கள். ஹாதோர்ன் தன் கிளென்ஃபெரி திடலை 1973இல் விட்டது, ரிச்மண்ட் தன் பன்ட் ரோட் திடலை அதற்கும் முன்பே விட்டது. நீங்கள் ஏங்குகிற புறநகர் ஏற்பாடு, நீங்கள் விமானத்தில் இறங்கிய அன்றே பாதி கலைந்துதான் கிடந்தது, ஐயா.

மூராபின் சேறு எழுதியது:

திடல்களின் வரிசை சரிதான். ஜங்ஷன் ஓவல் உட்பட. எங்கள் கழகமே 1965இல் அதை விட்டுத்தான் மூராபினுக்கு வந்தது, அன்று அதற்காகவும் அழுதவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் 1989இல் ஃபுட்ஸ்கிரே கழகத்தை ஃபிட்ஸ்ராயோடு இணைக்கத் தீர்மானித்தபோது, ஃபுட்ஸ்கிரே புறநகர் மக்கள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்துக் கழகத்தை மீட்டார்கள். அந்தக் கழகம் 1954க்குப் பிறகு முதன்முறையாக 2016இல் கோப்பை எடுத்தது. உண்டியல் குலுக்கப் புறநகர் என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? அதைத்தான் சொல்ல வந்தேன். லாக்கெட்டை நான் ஒளிப்பதிவில் பார்த்துக்கொள்வேன். திடலுக்குப் போகிற தெருவை எதில் பார்ப்பது?

எல்லைக்கோடு எழுதியது:

நேரிலேயே பார்க்கலாம், ஐயா. ஆண்கள் அணி மூராபினில் 1992இல் கடைசியாக ஆடியது உண்மை. ஆனால் கழகத்தின் தலைமையகமும் பயிற்சியும் 2018இல் அங்கேயே திரும்பிவிட்டன. 2020இல் பெண்கள் லீக்கில் சேர்ந்த கழகத்தின் அணி அங்கே ஆடுகிறது. வேலியை ஒட்டி நின்று பார்க்கலாம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும். இத்தனை பதிவுகளில் நீங்கள் அதை ஒரு தடவைகூடக் குறிப்பிடாதது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பழையது போய்விட்டது என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே புல்லில் பெண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெர்த்வாசி எழுதியது:

இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ விடமாட்டோம், ஐயா.

மூராபின் சேறு எழுதியது:

நழுவவில்லை. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். இதுவரை போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; காரணம் கேட்டால் நியாயமான ஒன்று என்னிடம் இல்லை. அடுத்த பருவத்தின் முதல் மூராபின் ஆட்டத்துக்கு வருகிறேன். தங்கை, இரண்டு விடயம் மட்டும் சொல்லுங்கள்: தேநீர்க் குடுவையை உள்ளே கொண்டுபோக விடுவார்களா? ரெக்கார்ட் இப்போதும் அச்சில் கிடைக்குமா, அல்லது பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவா?