மிஸ்ஃபியூவலிங்: ‘எரிபொருள் மாறாட்டம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விமானத்தில் ஒரு வகை எரிபொருளுக்குப் பதில் வேறொன்றை நிரப்பிவிடும் பிழையை ஆங்கிலத்தில் ‘மிஸ்ஃபியூவலிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘தவறான எரிபொருள் நிரப்பல்’ எனக்கு நிறைவளிக்கவில்லை. அது இரு வேறு பிழைகளை ஒன்றாக்கிவிடுகிறது.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா 143 விமானத்தில் நிரப்பிய எரிபொருள் சரியானதுதான், அளவில்தான் பிழை. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டியவர்கள், பவுண்டுக்குரிய 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள். வந்த பவுண்டுக் கணக்கைக் கிலோ என்று எண்ணியதால், பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய போயிங் 767இன் எஞ்சின்கள் நடுவானில் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் கனடாவின் கிம்லியிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கியதால் 69 பேரும் பிழைத்தார்கள். இதற்குக் ‘குறைநிரப்பு’ என்ற சொல் போதும்.

மிஸ்ஃபியூவலிங் அதுவன்று, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று போய்விடுவது. 1971இல் ஹாம்பர்க்கில் பான்இன்டர்நேஷனல் விமானத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கான தொட்டியில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் கலந்துவிட்டது. மேலெழுந்த சற்று நேரத்தில் இரு எஞ்சின்களும் செயலிழந்தன. நெடுஞ்சாலையில் இறக்க முயன்றபோது 22 பேர் இறந்தார்கள்.

சிறிய பிஸ்டன் விமானங்களில் ஆபத்து இன்னும் கொடியது. அவற்றுக்குரிய விமான பெட்ரோலான ஆவ்கேஸுக்குப் பதில் ஜெட் எரிபொருளை நிரப்பினால் தரையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். குழாயில் மிஞ்சிய ஆவ்கேஸில் எஞ்சின் ஓடும். விமானம் மேலேறும்போதுதான் எரிபொருள் எஞ்சினுக்குள் தாறுமாறாக வெடித்தெரிந்து எஞ்சின் கெடும்.

ஆகவே ‘எரிபொருள் மாறாட்டம்’ என்பதே என் பரிந்துரை. ஆள்மாறாட்டம் எல்லோரும் அறிந்த சொல் என்பதால் விளக்கம் தேவைப்படாது. அதில் ஏமாற்றும் நோக்கம் தொனிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். முதுமையில் வரும் நினைவு மாறாட்டத்தில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ‘மாற்றெரிபொருள்’ மட்டும் வேண்டாம். அது எத்தனால் போன்றவற்றுக்கு நிலைபெற்றுவிட்டது.

பெங்களூருவில் நாங்கள் தொகுக்கும் கையேடு, ஒசூர், கிருஷ்ணகிரியிலிருந்து இங்கு வந்து விமானத் தளங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கானது. எரிபொருள் வண்டியின் அருகே நின்று படித்ததும் புரிய வேண்டும். ‘மாற்றி நிரப்பிவிட்டார்கள்’ என்று அவர்கள் பேசுவதோடு ‘மாறாட்டம்’ இயல்பாக ஒட்டும்.

அடுத்து, ஆவ்கேஸ் தொட்டியின் வாயில் நுழையாதபடி ஜெட் எரிபொருள் குழலுக்கு வைக்கும் அகன்ற முனைக்கும் சொல் வேண்டும். ‘தட்டைவாய் முனை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.