ஒற்றை மாநிலங்களவை இடத்தால் புதுச்சேரிக்கு ஆவது என்ன?

லாஸ்பேட்டைக்காரன்:

புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் இடமும் மாநிலங்களவையில் ஓர் இடமும் உள்ளன. மாநிலங்களவை இடம் 2027 அக்டோபரில் காலியாகிறது. அதற்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், எந்தக் கட்சிக்கு, எந்தச் சமூகத்துக்கு என்ற கணக்கோடு நாம் நின்றுவிடுகிறோம். போகிறவர் அங்கே எதைப் பற்றி வாய் திறக்க வேண்டும் என்று கேட்பதே இல்லை. வீட்டுவசதி, தேர்தல் சட்டங்கள் ஆகிய இரண்டு பொருள்களில் மட்டும் அவர் அழுத்தமாகப் பேசி, எழுத்து வடிவில் திருத்தங்களையும் கொடுத்தால் ஆறாண்டுக் காலத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் வீட்டுவசதியைப் பற்றிப் பேசினால், அது மாநிலப் பொருள் என்று அமைச்சர் தட்டிக்கழிக்கலாம். புதுச்சேரி உறுப்பினரிடம் அப்படிச் சொல்ல வழியில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 246(4) உறுப்பின்படி, மாநிலத்துக்குள் அடங்காத பகுதிகளுக்கு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்களிலும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றலாம். நம் சட்டமன்றம்கூட 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டத்தின் மீதுதான் நிற்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரு காற்புள்ளியை மாற்ற வேண்டுமானாலும் டெல்லியில்தான் மாற்ற வேண்டும். அங்கே நமக்கு இருப்பவர்கள் இரண்டே பேர்.

பாகூர் ஏரிக்கரை:

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, நண்பரே. மாநிலங்களவையில் பேசும் நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நம் உறுப்பினர் சிறிய கட்சிக்காரராக இருந்தால் சில நிமிடங்கள் கிடைக்கும். பெரிய கட்சிக்காரராக இருந்தால் கொறடா எழுதிக் கொடுத்த பக்கம்தான் இருக்கும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே பணயம் வைக்கிறார்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதா இருக்கிறதே என்பீர்கள். நாடு விடுதலை பெற்றதிலிருந்து சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. அதையே 45 ஆண்டுகளில் நடக்காத அதிசயம் என்று எல்லோரும் எழுதினார்கள். மக்களவையில் அது சட்டமாகவில்லை.

தேர்தல் சீர்திருத்தத்தின் கதி இன்னும் பரிதாபம். தேர்தல் பத்திரங்களுக்கு வழிவிட்ட 2017-ஆம் ஆண்டு நிதி மசோதா, மாநிலங்களவையின் திருத்தங்களை மக்களவை ஏற்க வேண்டிய கட்டாயமில்லாத பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தங்களை நிறைவேற்றி அனுப்பியது. மறுநாளே மக்களவை அவை அனைத்தையும் தள்ளிவிட்டது. அந்தத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். ஓர் அவை முழுவதும் திரண்டு செய்ய முடியாததை ஒற்றை உறுப்பினர் செய்வார் என்று எதிர்பார்ப்பதைவிட, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியை ஒழுங்காகச் செலவிடச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சாலையாவது வரும்.

அரியாங்குப்பத்துக் கணக்கர்:

பாகூர் நண்பர் தமக்குத் தோதான எடுத்துக்காட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தை, அதாவது நாம் 'ரெரா' என்று சொல்வதை, அவர் தொடவே இல்லை.

அந்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில்தான் முதலில் அறிமுகமானது. 1,000 சதுர மீட்டர் நிலம் அல்லது 12 வீடுகள் என்ற அளவைத் தாண்டிய திட்டங்களே பதிவு செய்யப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. வாங்குகிறவர்களிடம் திரட்டும் பணத்தில் எத்தனை விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும் இழுபறியாகவே இருந்தது. 2015-இல் வந்த அரசுத் திருத்தங்களில் அது 50 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மசோதா அவையின் தெரிவுக் குழுவுக்குப் போய், விவாதிக்கப்பட்டு, 2016 மார்ச் 10 அன்று நிறைவேறியபோது பதிவுக்கான அளவு 500 சதுர மீட்டர் அல்லது 8 வீடுகள் என்று இறங்கியிருந்தது; தனிக் கணக்கு 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது. புதுச்சேரியில் கட்டப்படும் அடுக்கங்களில் பெரும்பாலானவை சிறியவை. 12 என்பதற்கும் 8 என்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து வேறுபாடு அன்று.

சட்டம் வருவதற்கு முன் நான் ஒரு வீடு வாங்கினேன். கட்டியவர் பெயர் வேண்டாம். விலைப்பட்டியலில் 'சூப்பர் பில்ட்-அப்' என்று ஒரு பரப்பு போட்டிருந்தார்கள். குடியேறிய பிறகு நானும் என் மகளும் நாடாவைப் பிடித்து அறை அறையாக அளந்தோம். படிக்கட்டு, மின்தூக்கிக் குழி, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் எங்களுக்குப் பங்கு வைத்து விலை போட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. இன்றைய சட்டம் விற்பனைக்குரிய பரப்பு எது என்பதை வரையறுத்துவிட்டது: உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், குழாய்த் தடம், பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேரா. எங்களைத் தேடி வந்து யாரும் அந்த வரையறையைக் கொடுத்துவிடவில்லை. அவையில் அமர்ந்து வரி வரியாகப் படித்தவர்கள் கொண்டுவந்தது அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் 'உரிய அரசு' யார் என்று சொல்லும் இடத்தில் புதுச்சேரி தனியாகவே பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. டெல்லிக்கு மத்திய அமைச்சகம், சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு மத்திய அரசு, புதுச்சேரிக்கு மட்டும் புதுச்சேரி அரசு. இப்படி ஒரு வரி இருந்ததால்தான் விதிகளை வகுக்கும் அதிகாரம் நம்மிடம் நின்றது.

பாகூர் ஏரிக்கரை:

வீட்டுக் கதை வருத்தம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது ஒரு குழுவின் உழைப்பு. அதில் புதுச்சேரி உறுப்பினரின் பங்கு என்ன என்று உங்களால் காட்ட முடியவில்லையே? அரசே கொண்டுவந்த மசோதாவில் அரசே இசைந்து திருத்தம் ஏற்றால் நடக்கும். அரசுக்கு விருப்பமில்லாத இடத்தில் நடக்காது. தேர்தல் சட்டங்கள் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் அரசமைப்புத் திருத்தம் செப்டம்பரில் மாநிலங்களவையில் 214 வாக்குகளுடன், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. மக்களவை உண்டு, மாநிலச் சட்டமன்றங்கள் உண்டு, டெல்லி சட்டமன்றமும் உண்டு. புதுச்சேரி சட்டமன்றம் அதில் இல்லை. டிசம்பரில் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனியாகத் திருத்தி அதைச் சேர்த்தார்கள். யாருடைய பேச்சால் சேர்த்தார்கள்? உள்துறை அமைச்சகம் கோப்பைத் தயாரித்தது, சேர்ந்தது. அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை சொல்தா வீடு:

இந்த இழையில் ஒரு பக்கவாட்டுச் செய்தி சொல்லலாமா? என் தந்தை பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்; தெருவில் 'சொல்தா வீடு' என்று கேட்டால் காட்டுவார்கள். எங்களுக்குப் பாரிசில் செனட்டர்கள் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் அனைவருக்கும் சேர்த்து 12 பேர்.

அவர்களையும் நாங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பு, வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களின் பேரவையில் இருந்த 155 உறுப்பினர்களே அவர்களைத் தேர்ந்தெடுத்த தொகுதியின் பெரும்பகுதி. 2013 ஜூலையில் வந்த சட்டம் அந்த வட்டத்தை விரித்தது. அந்தந்த ஊரில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தூதரக ஆலோசகர்கள் உள்ளே வந்தார்கள். வீட்டுவசதியிலும் அப்படியே. பிரான்சில் குடியிருப்பு வரி முதன்மை வீட்டுக்கு 2023 முதல் அறவே நீங்கியது. இரண்டாம் வீட்டுக்கு நீங்கவில்லை. என்றாவது திரும்பிப் போகலாம் என்று அங்கே ஒரு சிறு வீட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுவாசிக்கு அது இரண்டாம் வீடாகவே கணக்கிடப்படுகிறது. எங்கள் செனட்டர்கள் வரவு செலவு விவாதத்தில் இதைத் திருத்தக் கேட்டு வருகிறார்கள். முழு வெற்றி இல்லை. ஆயினும் யார் எந்தத் திருத்தத்தில் கையெழுத்திட்டார், யார் விலகினார் என்பதைக் கொண்டு அடுத்த தேர்தலில் கேள்வி கேட்க முடிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஊரில் குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் 2014-இல் தூதரக ஆலோசகர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இலும் 2024-இலும் பிரெஞ்சு மக்களவைக்கு வாக்களித்தார்கள். அதே வீதியில் இருக்கும் இந்தியக் குடிமகன் 2006-க்குப் பிறகு நகராட்சி உறுப்பினருக்கோ கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினருக்கோ வாக்களித்ததில்லை. அதற்கு முந்தைய நகராட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. தேர்தல் சீர்திருத்தம் என்று பேசுவதானால் இங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

மஞ்சக்குப்பம் (கடலூர்):

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். அவர்களுள் கடலூருக்காகப் பேசியவர் யார் என்று என்னைக் கேட்டால் விழிக்கத்தான் வேண்டும். ஒருவர்தான் என்றிருப்பது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது. யாரைக் கேட்பது என்று உங்களுக்காவது தெரியும்.

லாஸ்பேட்டைக்காரன்:

பாகூர் நண்பர் மகளிர் இட ஒதுக்கீட்டை எடுத்ததற்கு நன்றி. அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. செப்டம்பரில் விடுபட்டதை டிசம்பரில் சேர்க்க முடிந்தது என்றால் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக் கூடாத பொருள் அன்று என்றே பொருள். அப்படியானால் அதே சட்டத்தின் 3(3) பிரிவை ஏன் தொடவில்லை?

அந்தப் பிரிவு, 30 உறுப்பினர் கொண்ட நம் சட்டமன்றத்துக்கு மூவர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்கிறது. யாரைக் கேட்டு என்று சொல்லவில்லை. 2017-இல் நியமனம் நடந்தபோது மாநில அமைச்சரவையைக் கேட்கவில்லை. வழக்கு நடந்தது, கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் நீதிமன்றம் படிக்க முடியும். 2021 பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு நம்பிக்கைத் தீர்மானத்தில் கவிழ்ந்தபோது, நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கலாமா என்ற இதே பிரச்சினை அவை நடுவே வந்து நின்றது. எந்தக் கட்சியின் அரசு கவிழ்ந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. நாளை எதிர்க்கட்சிக்கு இது நேரலாம்.

ஆகவே ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். 3(3) பிரிவின் இறுதியில் இவ்வாறு சேர்க்கலாம்: 'இவ்வாறு நியமிக்கப்படுவோர் அமைச்சரவையின் பரிந்துரையின் பேரில் நியமிக்கப்படுதல் வேண்டும், நம்பிக்கைத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றின் மீது அவர்கள் வாக்களித்தல் ஆகாது.' இதை நம் உறுப்பினர் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாவாக வைத்தால் தோற்கலாம். தோற்கும் முன் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏறும்.

பாகூர் ஏரிக்கரை:

வரைவின் முதல் பாதி ஆபத்தானது. அமைச்சரவை பரிந்துரைத்தால் ஆளும் கட்சிக்கு மூன்று இடங்கள் இனாமாகக் கிடைக்கும். இன்று டெல்லி செய்வதை நாளை இங்கே செய்வார்கள். நமக்கு என்ன லாபம்? அந்தப் பாதியை அடித்துவிட்டு வாக்குரிமைப் பகுதியை மட்டும் வையுங்கள். அதற்குச் சட்டத்திலேயே முன்னோடி இருக்கிறது: மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் புதுச்சேரி வாக்காளர் தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே உண்டு என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 27ஏ பிரிவு, சொல்கிறது. ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவே நியமன எம்.எல்.ஏ.வுக்கு வாக்கு இல்லையென்றால், ஓர் அரசைக் கவிழ்க்க எப்படி இருக்கலாம்?

(நான் உங்கள் பக்கம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வரைவு மோசமாக இருந்தது, அதனால் சொன்னேன்.)

அரியாங்குப்பத்துக் கணக்கர்:

முத்தியால்பேட்டை நண்பர் சொன்ன உள்ளாட்சித் தேர்தலை இந்த வரைவில் காணோமே. வீடு கட்ட மானியம் கேட்டு நிற்கிறவர் இன்று வார்டு உறுப்பினரிடம் போக முடியாது, எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அல்லது கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரின் அறை முன். காமராஜர் கல்வீட்டுத் திட்டமானாலும் பிரதமர் வீட்டுத் திட்டமானாலும் பயனாளிப் பட்டியலை யார் பார்த்துச் சரி என்கிறார்கள்? வீட்டுவசதியும் தேர்தலும் இங்கே ஒரே பொருள்தான்.

பாகூர் ஏரிக்கரை:

அம்மா, ஐந்தாண்டு முடிவதற்குள் நகராட்சித் தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243யு உறுப்பு ஏற்கெனவே சொல்கிறது. அதையே மதிக்காதவர்கள் புதிய பிரிவை மட்டும் மதிப்பார்களா?

லாஸ்பேட்டைக்காரன்:

மதிக்காவிட்டால் இழப்பு வேண்டும். மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடத்தாவிட்டால் நிதி ஆணையம் வழங்கும் மானியம் நின்றுவிடும். அந்தப் பயத்தால்தான் பல மாநிலங்கள் தேர்தலை நடத்துகின்றன. புதுச்சேரி நிதி ஆணையத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. தேர்தல் நடத்தாமல் இருப்பதால் இங்குள்ள எந்த அரசுக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. நிதி ஆணைய வரம்பில் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முதல்வரும் டெல்லிக்குப் போய்க் கேட்கிறார். சேர்த்தால் உள்ளாட்சித் தேர்தலையும் நடத்துவோம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே திருத்தத்தில் கட்டிக் கேட்கும் உறுப்பினர் ஒருவர் வேண்டும். உங்கள் திருத்தத்தை ஏற்று 3(3) வரைவை மாற்றி எழுதுகிறேன். இந்த இரண்டாவது பகுதியை நீங்கள் எழுதித் தாருங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

எழுதுகிறேன். ஆனால் 30 எம்.எல்.ஏ.க்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டு வாக்களிப்பார்கள் என்பதை நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.