ஸ்ப்ளெண்டரில் வேறு வண்டியின் சுவிட்ச் செட்: கில் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்கிறது

மல்லிகை_மூட்டை:

வணக்கம். என்னுடையது 2001 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், கிக்கர் மட்டும்தான். தினமும் விடிவதற்கு முன்னால் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவன் நான். ரோட்டில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் நிற்கும், நாய் படுத்திருக்கும், பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் இருக்கும். அதனால் லைட் எனக்கு அழகுக்கு இல்லை.

பழைய இடது சுவிட்சில் டிம், பிரைட் மாற்றும் கட்டை நடுவில் நின்றுவிடும். நின்றால் முழு இருட்டு. போன மாதம் ஒரு வளைவில் அப்படி ஆகி, கையால் சுவிட்சைக் குத்திக்கொண்டே போய் வாய்க்கால் கரையில் நிறுத்தினேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், மாற்றிவிடுவது என்று.

பழைய சாமான் கடையில் ஒரு 150 சிசி வண்டியின் இரண்டு பக்க சுவிட்சும் கிடைத்தது. இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச், ஹெட்லைட்டை மின்ன வைக்கும் பாஸ், நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் ஹசார்டு எல்லாம் உண்டு. ஒயரை ஒவ்வொன்றாகப் பார்த்து நானே மாட்டினேன். இடது பக்கம் நன்றாக இருக்கிறது. சிக்கல் மூன்று:

ஒன்று, கில் சுவிட்சை ஆனில் வைத்தால் வண்டி செத்துவிடுகிறது, ஆஃபில் வைத்தால் ஓடுகிறது. பையன் பார்த்துவிட்டு ஒரு வாரமாகச் சிரிக்கிறான்.

இரண்டு, ஹசார்டு போட்டால் நாலு இண்டிகேட்டரும் எரிகிறது, ஆனால் கண்டபடி துடிக்கிறது. இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் பிளாஷர் பழையதுதான்.

மூன்று, இவ்வளவு செய்தும் ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாகப் போனால் ஹெட்லைட் பழையபடி மங்கிவிடுகிறது. புது சுவிட்ச் போட்டால் வெளிச்சம் கூடும் என்று கடைக்காரர் சொன்னார்.

வலது சுவிட்சுக்குள் ஆக்சிலேட்டர் கேபிளும் வருவதால் அதன் முனை உட்கார அரம் போட்டேன். உள்ளே இருந்த சிறு குமிழ் ஹேண்டில் பாரின் துளைக்குப் பொருந்தவில்லை, அதையும் ராவிவிட்டேன். இது தப்பா?

டெஸ்ட்_லாம்ப்:

தம்பி, கடைசியில் கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் ஆளைக் கவிழ்க்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்பிப் பாருங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. திருகி விட்டால் பிடி தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் வலது பக்கத்துக்குப் பழைய சுவிட்சையே போட்டுவிடுங்கள். குமிழை ராவியிருக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் அவசரத்துக்குப் பிரேக் பிடிக்கும்போது சுவிட்ச் பெட்டியே பாரில் சுற்றும். சுவிட்சுக்கு அடியில் பாரின் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்குங்கள், தற்காலிகமாகப் பிடிக்கும். குமிழ் உடையாத செட் கிடைத்தால், சரியான இடத்தில் பாரில் புதுத் துளை போடுவதுதான் முறை.

இப்போது கில் சுவிட்ச். உங்கள் வண்டியில் தீப்பொறிக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் எடுக்கும் மேக்னெட்டில் அதற்கென்று ஒரு காயில் இருக்கிறது, அதுதான் தீப்பொறியைக் கிளப்பும் சிடிஐ பெட்டிக்குக் கொடுக்கிறது. பேட்டரி செத்தாலும் உதைத்தால் ஸ்டார்ட் ஆவது அதனால்தான். சாவியை ஆஃப் செய்தால் இன்ஜினை நிறுத்த உள்ளே நடப்பது ஒன்றே ஒன்று: கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் பச்சை ஒயரோடு, அதாவது எர்த்தோடு, சேர்கிறது. சேர்ந்தால் நிற்கும், பிரிந்தால் ஓடும். நீங்கள் வாங்கிய செட், பேட்டரியிலிருந்து சிடிஐ ஓடும் வண்டியுடையது. அங்கே கதை நேர் எதிர்: கரண்ட் போய்க்கொண்டிருந்தால் ஓடும், அறுத்தால் நிற்கும். அதனால் அந்த சுவிட்ச் ஆனில் சேர்கிறது, ஆஃபில் பிரிகிறது. சுவிட்ச் கெடவில்லை, வண்டி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஹசார்டுக்கு எலக்ட்ரானிக் பிளாஷர் போடுங்கள். பழையது இரண்டு 10 வாட் பல்புக்குக் கணக்குப் பண்ணியது, நாலு பல்பின் சுமையில் அதன் தாளம் கெடும். ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு ஹசார்டு போட்டு நிற்காதீர்கள். உங்கள் பேட்டரி வெறும் 2.5 ஆம்பியர் அவர். சீக்கிரமே இறங்கிவிடும்.

ஹெட்லைட் மங்குவது சுவிட்சின் குற்றமே இல்லை. அந்தக் காலத்து ஸ்ப்ளெண்டரில் ஹெட்லைட் நேராக மேக்னெட்டின் ஏசி கரண்டில் எரிவது. சுற்று குறைந்தால் வோல்ட்டும் குறையும். கடைக்காரர் சரக்கை விற்றார்.

ராத்திரி_ரைடர்:

கில் சுவிட்சுக்கு ஐந்து கால் ரிலே (கரண்ட் கொடுத்தால் தானே மாறும் சுவிட்ச்) ஒன்று போதுமே. ஒவ்வொரு காலிலும் எண் போட்டிருக்கும். 85, 86 இரண்டில் ஒன்றுக்கு சுவிட்ச் வழியாகச் சாவி லைன், மற்றதுக்கு எர்த். 30-இல் கறுப்பு வெள்ளை, 87ஏ-யில் எர்த். ஆனில் வைத்தால் ரிலே இழுக்கும், எர்த் விலகும், வண்டி ஓடும். நூறு ரூபாய்ச் செலவு.

டெஸ்ட்_லாம்ப்:

வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ரிலே இழுக்கப் பேட்டரி வேண்டும். அதிகாலை நாலு மணிக்குப் பேட்டரி இறங்கியிருந்தால் இத்தனை வருஷமாக உதைத்ததும் ஓடிய வண்டி அன்றைக்கு ஓடாது. மூட்டையில் இருப்பது மல்லிகை, அது காத்திருக்காது. இந்த வண்டியில் இருக்கிற ஒரே பெரிய நன்மையை நூறு ரூபாய் கொடுத்துக் கெடுப்பானேன்?

மல்லிகை_மூட்டை:

அண்ணே, ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன். வலது கோடியில் சத்தம் ஏறுகிறது. வயிறு கலங்கிவிட்டது. பழைய வலது சுவிட்சையே திரும்பப் போட்டேன், இப்போது ஏறவில்லை. கில் சுவிட்சும் அதோடு போயிற்று, சாவியே போதும். ஹசார்டு இடது பக்கத்தில் இருந்ததால் தப்பியது. பிளாஷரும் மாற்றிவிட்டேன், ஒழுங்காகத் துடிக்கிறது.

ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு மாட்டலாமா? டிம், பிரைட் இரண்டும் வருகிற மாதிரி விற்கிறார்கள்.

டெஸ்ட்_லாம்ப்:

ஏசி கரண்டில் பாதி எல்இடி பல்பு நடுங்கும். மேக்னெட் காயிலைக் கழற்றி எர்த்தை விடுவித்து, ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட்டு மொத்தத்தையும் டிசி ஆக்கலாம். நான் செய்திருக்கிறேன், ஆனால் அது கை பழகியவர் வேலை. 60/55 வாட் ஹாலஜன் போடச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஹோல்டரும் காயிலும் 35 வாட்டுக்கானவை, உள்ளதும் மங்கும்.

நான் சொல்வது இது. முதலில் மீட்டரை ஏசியில் வைத்து, இன்ஜின் ஓடும்போது மேக்னெட்டிலிருந்து லைட்டுக்கு வரும் மஞ்சள் ஒயரில் ஒரு தடவை, டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், பல்பு ஹோல்டரில் ஒரு தடவை வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயர்கள் சேரும் கப்ளரிலோ வலது பக்க லைட் சுவிட்சிலோ கரி பிடித்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பச்சை ஏறிய பின்களைச் சுரண்டுங்கள். பச்சை எர்த் ஒயரை மறக்காதீர்கள், முக்கால்வாசிக் கோளாறு அதில்தான்.

அப்புறம் கிராஷ் கார்டில் ஒரு 10 வாட் எல்இடி, பேட்டரியிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து. ஒரு ஆம்பியருக்கும் குறைவுதான், சின்ன சுவிட்சே தாங்கும், ரிலே வேண்டாம். கற்றை கீழே பார்க்கட்டும், எதிரே வருகிறவனும் வீடு போய்ச் சேர வேண்டும்.

மல்லிகை_மூட்டை:

மஞ்சளில் 12.6, ஹோல்டரில் 11.1. டூமுக்குள் எர்த் கப்ளர் பச்சைப் பாசி மாதிரி இருந்தது. சுரண்டியதும் 12.3 வருகிறது. எல்இடி ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறேன். ஸ்பீடு பிரேக்கரில் இன்னும் மங்குகிறது, ஆனால் இன்று காலை நாய் முன்னாலேயே தெரிந்தது.